ஊத்துப்பள்ளத்தில் கால் நிற்கும் தடம்

பூபாலனுக்கும் அவன் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது.

மற்றதெல்லாம் பொருந்திவிட்டது. பெண் கல்பனா, அதே ஜவ்வாது மலையில் பஸ் வந்து போகிற ஊர்க்காரி. சுகாதார நிலையத்தில் நர்ஸ். முறைக்கும் குறைவில்லை. இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றத் தயாராக இருந்தார்கள். பஸ் பொருத்தம்தான் இடித்தது. பூபாலனின் ஈச்சங்கொல்லைக்கு ரோடு இல்லை, ஆகவே பஸ்ஸும் இல்லை. தார் ரோட்டில் இறங்கி, ஊத்துப்பள்ளம் என்கிற சதுப்பைக் கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும்.

“டூட்டி முட்சிட்டு வந்து, செருப்ப கையில புட்சினு, பொடவைய முட்டிக்கு மேல தூக்கினு, சேத்துல எறங்கி புருஷன் வூட்டுக்குப் போவணுமா? நான் இன்னா எருமையா?” என்று கல்பனா போனில் கேட்டாள். “ஒங்க ஊருக்கு பஸ்ஸு வரட்டும் மெம்பரே. வந்த மறுநாளே அதுல ஏறி வர்றேன்.”

மெம்பர் என்றால் வார்டு மெம்பர். எதிர்த்து யாரும் நிற்காததால் ஜெயித்தவன் பூபாலன். கல்பனா சொன்னதை அவன் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கே மேசை போட்டு யார் உட்கார்ந்திருந்தாலும் ரோடு கேட்டு மனு கொடுத்தான். போளூரில் கொடுத்தான். கலசப்பாக்கத்திலும் கொடுத்தான். அங்கே வாங்கிக்கொண்டவர் நெல் வியாபாரி என்பது பிறகுதான் தெரிந்தது. நல்ல மனிதர், கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்.

எந்த மனு வேலை செய்ததோ, ஒரு நாள் ரோடு சாங்ஷன் ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் ரங்கசாமி வந்து சதுப்பின் கரையில் நின்று, இதில் எங்கே ரோடு போடுவது என்று தலையைச் சொறிந்தார். பூபாலன் காட்டினான்.

ஊத்துப்பள்ளத்தில் கால் நிற்கிற தடம் என்று ஒன்று உண்டு. கோரைப்புல்லுக்கு நடுவே கரைக்குக் கரை நேராகப் போகும். அதன்மேல் நடந்தால் சேறு முழங்காலோடு நின்றுவிடும். பக்கத்தில் ஓர் எட்டு தவறினால் இடுப்புவரை இழுக்கும். எருமைகளுக்கும் அந்தத் தடம் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடியில் பாறை ஓடுகிறது என்பது ஊர் முடிவு. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கால் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு ஏன் நிற்கிறது என்று யாராவது ஆராய்ச்சி செய்வார்களா?

ரங்கசாமிக்கு மகிழ்ச்சி. ரோடு அந்தத் தடத்தின் மேலேயே என்று கோடு கிழித்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “ஒரே ஒரு பார்மாலிட்டி இருக்குது மெம்பர். வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொல்லியல்காரங்க வந்து ஒரு தபா பாத்துட்டுப் போவாங்க. பழைய பொருள் எதுனா இருக்குதான்னு. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தா மறுநாளே பொக்லைன் எறங்கும்.”

இந்த ஒரு வார்த்தையில் ஈச்சங்கொல்லை கதிகலங்கிப் போனது.

காரணம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி தோண்டினார்கள். ஒரு பானை வந்தது. பானைக்குள் எலும்பு வந்தது. எலும்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் பின்னால் கம்பிவேலி வந்தது. தண்ணீர் மட்டும் இன்றுவரை வரவில்லை. வேலிக்குள் இப்போது ஆடுகள் மேய்கின்றன. ஆடுகளுக்கு அனுமதி யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

ஈச்சங்கொல்லைக்காரர்களுக்குப் பானை பிரச்சினையே இல்லை. அவர்களிடம் இருந்தது கோடாரி. சாமைக்கொல்லையில் ஏர் ஓட்டும்போது உள்ளங்கை நீளத்துக்கு, வழவழவென்று, ஒரு முனை கூராக, ஆப்பு மாதிரிக் கற்கள் அவ்வப்போது கிடைக்கும். கிடைத்தவர் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பிள்ளையார் காலடியில் வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. ஒருமுறை வந்த கல்லூரி மாணவர்கள் இவையெல்லாம் கற்காலத்துக் கோடாரிகள் என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் அதை ஒப்புக்கொண்டது. பிள்ளையார் கோடாரி வைத்திருக்கக் கூடாது என்று சட்டமா என்ன?

“ஒத்த பானைக்கே வேலி போட்டானுங்கன்னா, நாம குமிச்சு வச்சுகீறோமேடா,” என்றார் சடையன். அவர் பிள்ளையாருக்குப் பூசாரி, பூபாலனுக்குச் சித்தப்பா. “ஊரையே சுத்தி வேலி போட்டு நம்மளயும் உள்ள வச்சுட்டுப் போய்ட்டா?”

கற்களை ஒளிப்பது என்று முடிவாயிற்று. எங்கே என்பதில்தான் சிக்கல். புளி மூட்டைக்குள் வைக்கலாம் என்றார் ஒருவர். வியாபாரி வந்து மூட்டையோடு தூக்கிக்கொண்டு போனால் சாமி போளூர் சந்தைக்குப் போய்விடும் என்று அது தள்ளுபடி ஆனது. கிணறு என்றார் இன்னொருவர். குடிக்கிற தண்ணீரில் குங்குமம் கரையும்.

“இங்க கேளுங்க,” என்றான் பூபாலன். “தொல்லியல்காரங்க எங்க தோண்டுவாங்க? மேட்டுல தோண்டுவாங்க. பாறையோரம் தோண்டுவாங்க. எவனாவது தண்ணிக்குள்ள பானைய வச்சு வாழ்ந்திருப்பானா? சேத்துக்குள்ள வச்சுட்டா எவன் பாக்கப் போறான்?”

ஊர் யோசித்தது. மறுக்க முடியாத வாதம். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. பூபாலன் மறுபடியும் ஜெயித்தான்.

கற்களை யூரியா சாக்கில் கட்டி அவனே தூக்கிக்கொண்டு ஊத்துப்பள்ளத்தில் இறங்கினான். நடுச் சதுப்பில் போட்டால் பாதாளம் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. அதனால் கால் நிற்கிற தடத்தின் ஓரமாக, சேற்றுக்குள் கை விட்டு, சாக்கை அமுக்கி வைத்தான். முழங்கை ஆழத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அடையாளத்துக்கு மேலே கோரையில் ஒரு முடிச்சுப் போட்டான். பிள்ளையார் தனியாக விடப்பட்டார். காலடி காலியாகத் தெரியாமலிருக்க நாலு தேங்காய் வைத்தார்கள்.

தொல்லியல் குழு வந்தது. குழு என்றால் தேவயானி என்ற ஆய்வாளரும் இரண்டு உதவியாளர்களும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும். பூபாலன் வழிகாட்டியாகத் தானே முன்வந்தான்.

“வாங்க மேடம். ஊரு மேட்டுல கீது. காபி குட்சிட்டு பாறை பக்கம் போலாம். குள்ளருங்க கட்டுன கல்லு வூடுலாம் கீது அங்க, ஜோரா இருக்கும்.”

“பார்த்திருக்கேன் தம்பி. எனக்கு இந்தச் சேறுதான் வேணும்.”

“சேறா?”

“ரோடு இதுமேலதானே வருது? அதோட, மேட்டுல கிடைக்காதது இங்கதான் கிடைக்கும்.” தேவயானி பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார். “மேட்டுல மரம், கயிறு, தோல் எல்லாம் மக்கிப்போகும். கல்லும் பானையும்தான் மிஞ்சும். சேத்துக்குள்ள காத்து போகாது. உள்ள விழுந்தது விழுந்தபடியே இருக்கும்.”

“எல்லாமா?”

“கிட்டத்தட்ட எல்லாமே.”

“சாக்குகூடவா?”

தேவயானி நிமிர்ந்து பார்த்தார். “சாக்கா?”

“ஒரு பேச்சுக்கு கேட்டேன் மேடம்.”

ரோடு வரப்போகிற கோட்டில் நெடுகக் குச்சி நட்டார்கள். ஒவ்வொரு குச்சி ஓரத்திலும், மேலே கைப்பிடி வைத்த ஓர் இரும்புக் குழாயைச் சேற்றில் திருகி இறக்கினார்கள். இழுத்தால் உள்ளே இருக்கிற மண் அடுக்கு குலையாமல் நீளமாக வரும். அதைத் தார்ப்பாயில் கிடத்தி, கத்தியால் கீறி, முகர்ந்தும் பார்த்தார் தேவயானி. ஊர்ப் பெண்கள் கரையில் நின்று, படித்த பெண்ணுக்கு வந்த நிலைமையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

குச்சி வரிசை கோரை முடிச்சை நோக்கி வந்தது.

“மேடம், அந்தப் பக்கம் வாணாம். நாகம் கீது,” என்றான் பூபாலன்.

“பூட்ஸ் போட்டிருக்கோமே.”

“பெரிய நாகம்.”

“அப்ப சத்தம் கேட்டு அதுவே போயிடும். திருகுங்கப்பா.”

பாம்பு எடுபடாததால் சாமியைக் கூப்பிட்டான். “உண்மைய சொல்லிடறேன் மேடம். அந்த எடத்துல ஒரு சாமி கீது. நாங்க கால் வைக்க மாட்டோம்.”

பூபாலன் செய்த தவறு இதுதான். தொல்லியல்காரர்களிடம் பாம்பு என்றால் ஒதுங்கினாலும் ஒதுங்குவார்கள். சாமி என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். தேவயானி குழாயைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“சேத்துக்குள்ள சாமியா? பேர் என்ன?”

“சே... சேத்தாத்தா.”

“எத்தனை தலைமுறையா கும்பிடுறீங்க?”

“பூசாரிய கேட்டாதான் தெரியும்,” என்று தப்பித்தான். பூசாரி சடையன் கரையில்தான் நின்றிருந்தார். அண்ணன் மகனைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. சேத்தாத்தாவுக்கு ஏழு அண்ணன்மார் என்றார். வருஷத்துக்கு ஒரு கறுப்பு ஆடு என்றார். கல்யாணமாகாத ஆண்கள் அந்த இடத்தைத் தாண்டினால் கடைசிவரை ஆகாது என்றார். சொல்லிவிட்டுப் பூபாலனைப் பார்த்துத் தலையாட்டினார். தேவயானி முழுவதையும் போனில் பதிவு செய்துகொண்டார். சாயங்காலம் பூபாலன் அந்தப் பக்கம் போனபோது கரையில் யாரோ சேத்தாத்தாவுக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அவன் அம்மா அம்மாக்கண்ணுதான். “நீதான்டா தாண்டித் தாண்டிப் போற. அதான் கல்யாணம் தள்ளிப் போவுது,” என்றாள்.

மறுநாள் தேவயானி சேத்தாத்தாவுக்கு மரியாதையாக அந்த இடத்தில் கூடுதலாக மூன்று குழி போடச் சொன்னார்.

முதல் குழியில் குழாய் முழங்கை ஆழத்தில் கரகரவென்று உரசியது. வெளியே இழுத்தபோது அதன் பல்லில் வெள்ளைப் பிளாஸ்டிக் இழைகள் சுற்றியிருந்தன. தேவயானி இழையைச் சேற்றிலிருந்து பிரித்து, விரலில் சுற்றிப் பார்த்தார். உதவியாளர் கையை விட்டுத் துழாவி ஒரு கல்லை எடுத்தார். வழவழப்பான கல். மஞ்சள் போகாமல் இருந்தது. குங்குமப் பொட்டும் இருந்தது. சேற்றுக்குள் காற்று போகாது என்று தேவயானி சொன்னது எவ்வளவு சரி.

“அடடா,” என்றார் தேவயானி. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “கற்காலத்து ஆளுங்க அப்பவே யூரியா போட்டிருக்காங்க.”

உதவியாளர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்; அவர்கள் தோள் குலுங்கியது.

“சேத்தாத்தாவோட ஏழு அண்ணன்மாரும் இந்தச் சாக்குலதான் இருக்காங்களா?”

“அவங்க இல்ல மேடம். பிள்ளையாரு கல்லு.” எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேலி, ஆடு, பஸ், கல்பனா என்று ஒன்று விடாமல். கடைசியில், “ரோட்ட நிறுத்திடாதீங்க மேடம்,” என்றான்.

தேவயானி கல்லைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார். “இது கொல்லையில கிடைச்ச கல்லு. கோயில்ல இருக்குற கல்லு. இதுக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பிள்ளையார்கிட்டயே இருந்திருந்தா படம் எடுத்துட்டு, கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்.”

“அப்ப நாங்க ஒளிச்சதே தண்டமா?”

“சேறு பூசுனது மட்டும்தான் மிச்சம். எடுத்துட்டுப் போய் வைங்க.” கிளம்பும்போது ஒன்று கேட்டார். “இந்தக் கோட்டுல எங்க திருகினாலும் முழங்கால் ஆழத்துல குழாய் நின்னுடுது. அடியில பாறையா?”

“பாறைதான் மேடம்,” என்றான் பூபாலன். அதில் பொய்யில்லை. அப்படித்தான் நம்பியிருந்தான்.

“சரி. நாளைக்குக் காலையில கிளம்பறோம். சதுப்புல ஒண்ணும் இல்லன்னுதான் எழுதணும்.”

பூபாலனுக்கு அந்தச் சேற்றிலேயே ஆட வேண்டும்போல் இருந்தது. கல்பனாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். “பஸ்ஸு கலரு இன்னான்னு சொல்லு, அந்தக் கலருல பொடவை எடுக்கறேன்,” என்றாள். கல்பனா இவ்வளவு இறங்கிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கற்களைக் கழுவிப் பிள்ளையார் முன் அடுக்கிய சடையன், ஒன்று குறைகிறது என்றார்.

“எல்லாம் ஒரே மாரி கல்லுதானே சித்தப்பா?”

“ஒன் அம்மா பெத்ததுங்களும் ஒரே மாரிதான். ஒண்ணு கொறைஞ்சா உட்ருவாளா? சின்னது, கறுப்பா இருக்கும். போய்த் தேடு.”

குழாய் குத்தியதில் சாக்கு கிழிந்து, அந்தச் சின்னக் கல் கீழே நழுவியிருக்க வேண்டும். பூபாலன் திரும்ப இறங்கினான். தடத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டு, கன்னம் சேற்றில் படப் படுத்துத் துழாவினான். விரலில் எதுவோ தட்டியது. கல் போல் குளிர்ச்சியாக இல்லை. ஆட்டினால் ஆடியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். சேறு முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தது.

மரம். கைத்தடி கனத்தில், கரிபோல் கறுத்த ஒரு முளைக்குச்சி. ஒரு முனையைச் சீவிக் கூராக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வெட்டும் பளிச்சென்று, நேற்றுச் சீவியதுபோல் தெரிந்தது.

மறுபடி கையை விட்டான். முளை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு கட்டை கிடந்தது. அதை ஒட்டி இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. ஏணியின் படிகளைப் போல, ஆனால் நெருக்கமாக, தடம் போகிற திசையிலேயே போய்க்கொண்டிருந்தன. சின்னக் கறுப்புக் கல் இரண்டு கட்டைக்கு நடுவில் மாட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

பாறை இல்லை. யாரோ ரோடு போட்டிருக்கிறார்கள். மனு எதுவும் கொடுக்காமலே போட்டிருக்கிறார்கள்.

இத்தனை காலமும் ஊர்ச் சனமும் எருமைகளும் நடந்தது அதன்மேல்தான். ரங்கசாமிக்கு அவன் கோடு காட்டியதும் அதன்மேல்தான். தேவயானி காலையில் கிளம்புகிறார். பாறை என்று எழுதப்போகிறார். மறுநாள் பொக்லைன் இறங்கும். பார்த்தது ஒரே ஒரு ஆள். அவனுக்குப் பஸ் வர வேண்டியிருக்கிறது. 

கல்லைச் சித்தப்பாவிடம் கொடுத்தான். முளையைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டான். ஏன் திரும்பச் சேற்றிலேயே சொருகாமல் எடுத்து வந்தான் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அவனுக்கே தெரியாது. அந்த வெட்டுகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பரணில் ஏறிப் பார்த்தான். முளையின் மேல் ஒரு கீறல். இன்னும் கொஞ்ச நேரத்தில் கீறல் வெடிப்பாயிற்று. அழகாகச் சீவிய முனை, வெயிலில் போட்ட சாணி வரட்டிபோல உதிரத் தொடங்கியது. பயந்துபோய் ஈரத்துணி சுற்றினான். துணி காய்ந்தது. அம்மாவின் அண்டாவில் தண்ணீர் நிரப்பி முளையை உள்ளே படுக்க வைத்தான்.

“இன்னாடா இது? புளி ஊற வைக்கிற அண்டாவுல வெறகக் குளிப்பாட்டினு கீற?” என்றாள் அம்மாக்கண்ணு.

“கொஞ்ச நேரம் இருமா.”

“சேத்தாத்தா ஒன் புத்தியத்தான் மொதல்ல எடுத்துகினா.”

வேறு வழி தெரியாமல் கல்பனாவுக்குப் போன் போட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே மருத்துவத் துறை அவள்தான்.

“ஒரு சந்தேகம் கல்பனா. ரொம்ப காலமா தண்ணியிலயே இருந்த ஒர்த்தர வெளிய எடுத்துட்டா, மேலெல்லாம் வெடிச்சினு வருது. இன்னா பண்றது?”

“எவ்ளோ நேரமா தண்ணில இருந்தாரு?”

“ரொம்ப... ரொம்ப நேரமா.”

“மூச்சு கீதா?”

“இல்ல.”

கல்பனா குரலைத் தாழ்த்தினாள். “மெம்பரே. எவனக் கொன்ன?”

பிறகு எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் அவள் ரோட்டைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். சொல்லாதே என்பாள், அல்லது போய்ச் சொல் என்பாள். எதைச் சொன்னாலும் பழியைப் பாதி அவள் தலையில் வைத்துவிடலாம்.

கல்பனா இரண்டையும் சொல்லவில்லை. “கேஸு ஒனக்குப் புரியலன்னா நீயே வைத்தியம் பாக்காத,” என்றாள். “எங்க கிட்டயும் இப்பிடித்தான் வருவானுங்க, வூட்லயே நாலு நாளு மஞ்சள் வச்சுக் கெடுத்துட்டு. யாருக்குத் தெரியுமோ அவங்ககிட்ட சீக்கிரமா இஸ்துனு போ. பாத்துகினே இருந்தா செத்துப்போவும்.”

“செத்ததுதானே அது?”

“இன்னும் ஒருதபா சாவும்.” டூட்டிக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டாள்.

பூபாலன் அண்டாவின் முன் உட்கார்ந்தான். முளை தண்ணீருக்குள் அமைதியாக இருந்தது. தண்ணீரில் இருந்தால் நன்றாக இருக்கிறது. வெளியே எடுத்தால் வெடிக்கிறது. பொக்லைன் இறங்கினால் இதன் கூட்டாளிகள் எல்லாம் கரையில் அள்ளிக் கொட்டப்பட்டு, அந்த வாரச் சந்தை வருவதற்குள் தூளாகிவிடும். அதன்மேல் பஸ் வரும். பஸ்ஸில் கல்பனா வருவாள். புடவைகூட அந்தக் கலரில் இருக்கும். நன்றாகத்தான் இருந்தது நினைக்க. முனை மட்டும் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

காலையில் தேவயானியின் ஜீப் கிளம்புகிற நேரத்தில், ஒரு ஆள் தலையில் அண்டாவோடு ஊத்துப்பள்ளத்தைக் கடந்து வருவதைக் கண்டு டிரைவர் இன்ஜினை அணைத்தார். தண்ணீர் தளும்பி பூபாலன் முகமெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

“மேடம். அடியில பாறை இல்ல.”

தேவயானி அண்டாவுக்குள் பார்த்தார். தொடவில்லை. தார் ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். நேற்றுவரை கேலி பேசிய முகம், வேறு யாருடையதோ போல் இருந்தது.

“இன்னும் இருக்கா?”

“நெடுக இருக்குது. கரைக்குக் கரை.”

“குழாய் நின்னப்பவே எனக்குப் பட்டிருக்கணும்,” என்றார் அவர். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். “ரோடு இந்தக் கோட்டுல வராது தம்பி. தெரிஞ்சுதான் கொண்டுவந்தீங்களா?”

“தெரியும் மேடம். அண்டா மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க, அம்மா கேக்கும்.”

ஜீப் திரும்பியது. கிளம்ப வேண்டியவர்கள் தங்கினார்கள். இன்னும் ஆட்கள் வந்தார்கள். தடத்தில் ஓரிடத்தில் மட்டும் சேற்றை விலக்கி, படம் எடுத்து, அளந்து, திரும்ப ஈரச் சேற்றாலேயே மூடினார்கள். எந்தக் காலத்தது என்று சோதனைக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும் என்றார் தேவயானி. சடையனுக்கு அவ்வளவு பொறுமையில்லை. சின்னக் கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து முளையின் வெட்டில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“பாத்தீங்களா? எங்க பிள்ளையாரு வெட்டுனது.”

“இந்தக் கல்லாலதான் வெட்டுனாங்கன்னு நான் எழுத முடியாதுங்க ஐயா.”

“நீங்க எழுத வாணாம். நாங்க சொல்லிக்கிறோம்.”

ஆனால் ஊருக்குப் பூபாலன் மேல் கடுங்கோபம். ஒளித்து வைக்கச் சொன்ன சாமியையும் காட்டிக்கொடுத்து, யாரும் கேட்காததையும் தோண்டிக் கொடுத்தவன் என்று பெயர் வாங்கினான். “ரோடு வாங்கித் தர்றேன்னு சுத்தினு இருந்தவன், ரோடு கீதுன்னு சொல்லி ரோட்ட நிறுத்திட்டான்,” என்றார்கள். அவனாலேயே மறுக்க முடியவில்லை.

ரங்கசாமி வந்தார். கோபப்படவில்லை, வேலை கைவிட்டுப் போனால் அவருக்கும் நஷ்டம். “எதிர்க்கரையோரமா வளைச்சு எடுத்துட்டுப் போலாம் மெம்பர். தூரம் ஜாஸ்தி. ஆனா மேல கேட்டா கோட்ட மாத்த ஒத்துக்குவாங்க. அந்தப் பக்கம் எங்க அடி கெட்டியா இருக்கும்னு மட்டும் காட்டுங்க.”

பூபாலனுக்குத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடம் காலுக்குக் கிடைத்திருந்தது. அதனால் இன்னொன்றைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. ரங்கசாமி ஒரு வாரம் டைம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூபாலன் ஒரு மூங்கில் கழியும் கக்கத்தில் அடையாளத்துக்கு நடக் கொஞ்சம் குச்சிகளுமாக எதிர்க்கரையில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தான். குத்தின இடமெல்லாம் கழி போய்க்கொண்டே இருந்தது. அப்போது தார் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“பேஷண்டு எப்பிடி கீறாரு?”

கல்பனா. செருப்பு கையில் இருந்தது. புடவை முட்டிக்கு மேல் இருந்தது.

“நீ... எப்பிடி வந்த?”

“பஸ்ல வந்து எறங்கி, மிச்சத்த நடந்து வந்தேன். வேற எப்பிடி வருவாங்க ஒங்க ஊருக்கு?” தடத்தில் இறங்காமல் கரையோரமாகவே வந்திருக்கிறாள். கால் முழுக்கச் சேறு. “பேஷண்டப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வேலூருக்குக் கூட்டினு போய்ட்டாங்க. தண்ணித் தொட்டியிலயே வச்சு.”

“அட்மிஷன் போட்டுட்டாங்களா. நல்லது.” தடம் கிடக்கிற பக்கம் பார்த்தாள். இப்போது அங்கே நான்கு குச்சியும் ஒரு கயிறும் மட்டும் இருந்தன. “அவ்ளோ மரத்த வெட்டி, சீவி, சேத்துல அடுக்கியிருக்கானுங்க. எவளோ ஒர்த்தி வர மாட்டேன்னு சொல்லியிருப்பா.”

பூபாலன் சிரிக்கலாமா என்று தெரியாமல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “பஸ்ஸு இப்ப வராது கல்பனா. வளைச்சுப் போடறதுக்கு எடம் கெடைச்சா வரும். கெடைக்கலன்னா...”

“எங்கங்க குத்துன?”

காட்டினான்.

“எல்லாம் தண்ணிப் பக்கமா குத்தினு கீற. நான் வந்த வழியில அந்த வேங்கை மரத்தாண்ட கால் கொஞ்சம் நின்னுச்சு.” கழியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீ முன்னாடி போ. நீ முழுகுனா அது ரோடு இல்ல.”

அவன் முன்னால் இறங்கினான். வேங்கை மரத்தருகே முதல் எட்டில் இடுப்புவரை போனான். கல்பனா கழியை நீட்டி இழுத்து வெளியே எடுத்தாள். கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி இறங்கினான். தொடைவரை. இன்னும் மேலே. முழங்காலுக்குக் கீழே சேறு நின்றது. ஒரு எட்டு வைத்தான். நின்றது. இன்னொன்று. அதுவும் நின்றது. குதித்துப் பார்த்தான். அங்கே ஒரு குச்சியை நட்டான்.

“கல்பனா, இங்க நிக்குது!”

அவள் செருப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவன் கால் வைத்த குழிகளிலேயே கால் வைத்துப் பின்னால் வந்தாள். பக்கத்தில் வந்து நின்று ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள்.

“பஸ்ஸு தாங்குமா?”

“தெரியல. ரங்கசாமிதான் சொல்லணும்.”

கல்பனா கொஞ்சம் யோசித்தாள். சேற்றில் நின்றுகொண்டு எடுக்க வேண்டிய முடிவுதான் அது.

“ஷேர் ஆட்டோ தாங்கும்,” என்றாள். “ஷேர் ஆட்டோ வந்தாகூட போதும். அடுத்த குச்சிய நடு.”